பாஷை தெரியாவிட்டாலும் ஜப்பான் வயலைப் பார்த்து வரலாம்!

2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நெல் உற்பத்தித்திறனை உயர்த்தும் முறைகளை நேரில் கண்டுவர 100 முன்னோடி உழவர்களை ஜப்பான், சீனா, வியட்நாம் போன்ற நாடுகளுக்கு அழைத்துச் செல்ல 2 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்பதுதான் அது. இதைக் கேட்டதும் கிராமத்து டீக்கடைகளில் எழுந்த முதல் கேள்வி, "பாஷை தெரியாத ஊருல போய் என்னத்தைக் கேக்குறது?"

நியாயமான கேள்விதான். குழுவாகப் போனாலும் முப்பது பேருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்தான் இருப்பார். சொந்தச் செலவில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அவரும் இல்லை. வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் பயணம். வயல் வரப்பில் நின்று வாய் திறக்காமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினால், போன செலவும் வீண், போன நாளும் வீண். ஆனால் கொஞ்சம் முன்தயாரிப்பு இருந்தால், நல்லூர் ஒன்றியத்தில் இரண்டு ஏக்கர் நெல்லும் ஒரு ஏக்கர் முந்திரியும் வைத்திருக்கும் விவசாயி ஜப்பானில் தாராளமாகச் சமாளிக்கலாம்.

நமக்குப் புதிய ஊர் இல்லை

1953-ல் நாடு முழுவதும் 'ஜப்பான் முறை நெல் சாகுபடி' என்று ஓர் இயக்கம் நடந்தது. மேட்டு நாற்றங்கால், குறைந்த விதை, வரிசை நடவு, உருளைக் கருவியால் களை எடுப்பது எல்லாம் அப்போது பரவியவை. வயதான விவசாயிகள் இன்றும் வரிசை நடவை 'ஜப்பான் நடவு' என்பார்கள். 1960-களில் தஞ்சைக் குறுவையில் பெயர் வாங்கிய ஆடுதுறை 27, ஜப்பான் நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்த ரகம். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எழுதிய மசனோபு ஃபுகோகாவை இயற்கை விவசாயம் செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்று நம் வயல்களில் ஓடும் நடவு இயந்திரங்களிலும் அறுவடை இயந்திரங்களிலும் குபோட்டா, யான்மார் என்ற பெயர்களைப் பார்க்கிறோம்.

விருத்தாசலத்துக்கு இன்னொரு உறவும் உண்டு. பீங்கான் தொழிற்கூடங்கள் நிறைந்த இந்த ஊரைப் போல ஜப்பானில் செத்தோ, அரித்தா என்ற பீங்கான் ஊர்கள் இருக்கின்றன. பீங்கான் பாத்திரத்துக்கே அங்கு 'செத்தோமோனோ', அதாவது 'செத்தோ சாமான்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் ஒருவர் வயலிலும் ஒருவர் பீங்கான் கூடத்திலும் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இரண்டுமே பார்க்க வேண்டியவை.

நெல், அரிசி, சோறு

ஆங்கிலத்தில் நெல்லுக்கும் அரிசிக்கும் சோற்றுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான். நமக்கு அப்படி இல்லை. ஜப்பானியருக்கும் அப்படி இல்லை. வயலில் நிற்கும் நெற்பயிர் 'இனெ'. உமியோடு இருக்கும் நெல்மணி 'மோமி'. அரிசி 'கோமெ'. சோறு 'கோஹான்'. நாம் "சாப்பாடு ஆச்சா?" என்பதை "சோறு தின்னாச்சா?" என்றும் கேட்பதுபோல, அங்கும் கோஹான் என்றால் சோறு, சாப்பாடு இரண்டுமே. நெல் வயலுக்கு 'தா', நடவுக்கு 'தாஉஎ'. இந்த ஆறு சொற்களோடு வரப்பில் போய் நின்றால், எதிரே இருப்பவர் விவசாயி என்றால் முகம் மலர்ந்துவிடும்.

வாக்கிய அமைப்பும் நமக்கு ஒத்துவரும். "ஸ்டேஷன் எங்கே?" என்பது "எகி வா தோகோ தெசு கா?" எகி என்றால் ஸ்டேஷன், தோகோ என்றால் எங்கே. "டோக்கியோவுக்குப் போகிறேன்" என்பது "தோக்யோ எ இகிமாசு". 'உக்கு' வர வேண்டிய இடத்தில் 'எ' வருகிறது, வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வருகிறது. 'நான்' என்று சொல்லாமல் விட்டாலும் பொருள் புரியும். நாம் கேள்விக்குக் கடைசியில் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள். இது, அது, எது என்பதற்கு கொரெ, அரெ, தொரெ. இடையில் 'சொரெ' என்று ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்கும் 'உது' போன்றது அது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்றே பல ஆண்டுகள் எழுதினார். நம் பொங்கலையும் அவர்களின் ஜனவரி நடுப்பகுதிப் பண்டிகையையும் ஒப்பிட்டுக் காட்டினார். அந்த உறவை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. ஆனால் சொல் வரிசை ஒத்திருப்பதால் தமிழருக்கு நாலு வாக்கியம் மனப்பாடம் செய்வது சுலபம்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை

சுமிமாசென் – மன்னிக்கவும், கொஞ்சம் கேளுங்கள் (யாரையும் கூப்பிட இதுதான்)
அரிகாதோ கொசாய்மாசு – நன்றி
கொரெ, இகுரா தெசு கா? – இது என்ன விலை?
தோயிரெ வா தோகோ தெசு கா? – கழிப்பறை எங்கே?
மிசு, ஒநெகாய் ஷிமாசு – தண்ணீர் கொடுங்கள்
வாகாரிமாசென் – புரியவில்லை
தாசுகெதெ! – காப்பாற்றுங்கள்!

ஜப்பானியர் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள். பேசக் கூச்சப்படுவார்கள், எழுதிக் காட்டினால் படித்துப் புரிந்துகொள்வார்கள். எனவே சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கட்டும். நம் பிள்ளைகளைக் கொண்டு செல்போனில் மொழிபெயர்ப்புச் செயலியைப் போட்டு, தமிழ், ஜப்பானிய மொழிகளை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பேசினால் மொழிபெயர்க்கும், போர்டை கேமராவில் காட்டினாலும் படித்துச் சொல்லும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால்தான் சரியாக வரும். பழமொழி, கிண்டல் எல்லாம் அதற்குப் புரியாது.

எண் தெரிந்தால் போதும்

எழுத்து புரியாவிட்டாலும் 1, 2, 3 நம் ஊரில் எழுதுவதுபோலத்தான். டோக்கியோ சுரங்க ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் உண்டு. இறங்க வேண்டிய எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் போதும். பெரிய ஸ்டேஷன்களில் வெளியேறும் வழிகளுக்கும் எண் உண்டு. தங்கும் விடுதியின் அட்டையை, முகவரி ஜப்பானிய எழுத்தில் இருப்பதாகப் பார்த்து, முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் டாக்ஸிக்காரரிடம் அதைக் காட்டினால் போதும்.

ஓர் எழுத்தை மட்டும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு சதுரம், உள்ளே கூட்டல் குறி. வரப்பு கட்டி நாலு பாத்தியாகப் பிரித்ததுபோல இருக்கும். அதுதான் 'தா', நெல் வயல். அதன் கீழே 'பலம்' என்ற எழுத்தைச் சேர்த்தால் 'ஆண்'. கழிப்பறைக் கதவில் வயல் தெரிந்தால் அது ஆண்கள் பக்கம். தனாக்கா என்ற பெயருக்கு 'வயல் நடுவே' என்று பொருள். ஹோண்டா, டொயோட்டா பெயர்களிலும் இந்த வயல் எழுத்து இருக்கிறது.

பணத்தில் கவனம் தேவை. அவர்கள் பத்தாயிரத்தை 'மான்' என்ற அலகில் எண்ணுவார்கள். 'சான் மான்' என்றால் 30,000 யென். பத்து மான் சேர்ந்தால் நம் ஒரு லட்சம். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. சில்லறைக் காசும் கையில் இருக்க வேண்டும்.

வயலில் ஏமாறாமல் இருக்க

பேச்சு புரியாததால் பெரிய தவறு நடக்கும் இடம் மகசூல் கணக்குதான். ஜப்பானில் மகசூலை ஏக்கருக்குச் சொல்வதில்லை, 10 ஆர் பரப்புக்குச் சொல்வார்கள். அது நம் கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதிலும் உமி நீக்கிய, தீட்டாத அரிசியின் எடையைத்தான் சொல்வார்கள். ஒரு விவசாயி 500 கிலோ என்று எழுதிக் காட்டினால், ஏக்கருக்குச் சுமார் 2,025 கிலோ அரிசி. நெல்லாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டரை டன். இது தெரியாமல் "ஜப்பான்ல ஏக்கருக்கு 500 கிலோதானாம்" என்று ஊரில் வந்து சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு டன் அரிசியை இரண்டு டன் நெல் என்று எழுதிக்கொண்டு வந்தாலும் தவறுதான்.

எனவே கேள்விகளை ஊரிலேயே எழுதி, ஜப்பானிய மொழியில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். விதை அளவு எவ்வளவு, நாற்றின் வயது என்ன, இடைவெளி எவ்வளவு, எத்தனை நாள் தண்ணீர் கட்டுகிறீர்கள், எத்தனை ஆள், கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று ஐந்தாறு கேள்விகள் போதும். பக்கத்தில் பதிலுக்குக் கட்டம் விட்டு, அலகையும் எழுதச் சொல்லுங்கள்.

காலமும் முக்கியம். அங்கே பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு போகம்தான். மே, ஜூனில் நடவு. செப்டம்பர், அக்டோபரில் அறுப்பு. ஜனவரியில் போனால் வெறும் வயலைத்தான் பார்க்கலாம்.

'மிச்சி நோ எகி' எனப்படும் சாலையோரச் சந்தைகள் 1,200-க்கு மேல் இருக்கின்றன. விவசாயிகள் நேரடியாகக் கொண்டுவந்து வைக்கும் காய்கறியில் விளைவித்தவர் பெயரும் இருக்கும். கிராமங்களில் ஆளே இல்லாத காய்கறித் தட்டிகளையும் காணலாம். காசை டப்பாவில் போட்டுவிட்டுக் காயை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இவற்றைப் பார்க்கப் பாஷையே தேவையில்லை.

சாப்பாடும் மருந்தும்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சிரமம். கறி, மீன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குழம்பிலும் சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். 'தாஷி' என்பது அதன் பெயர். "நிக்கு நாஷி, சகானா நாஷி" (கறி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சொன்னாலும் மீன் சாற்றைச் சேர்த்துவிடுவார்கள். எனவே மீன் சாறும் கூடாது என்று தனியாக எழுதிய அட்டை வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரக் கடைகளில் வெறும் சோறு, வாழைப்பழம், தயிர், ரொட்டி கிடைக்கும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு மாதத் தேவைக்கு மேல் எடுத்துப் போனால் முன்அனுமதி வேண்டும். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் பெயர் தெளிவாக இருக்கட்டும். நம் ஊரில் சாதாரணமாக வாங்கும் சில சளி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அங்கே தடை அல்லது கட்டுப்பாட்டில் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்காமல் பையில் போடாதீர்கள்.

ஆபத்துக்குப் போலீஸ் 110. ஆம்புலன்ஸ், தீயணைப்பு 119. ஜப்பான் சுற்றுலாத் துறையின் உதவி எண் 050-3816-2787. இரவு பகல் எந்நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். தெருமுனைகளில் 'கோபான்' என்ற சிறிய போலீஸ் சாவடி இருக்கும். வழி கேட்கவும், தொலைந்த பொருளைத் தேடவும் அங்கே போகலாம். பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருப்பது அங்கே சட்டப்படி கட்டாயம்.

விவசாயி மறக்கக்கூடாத விஷயம்

நம் நாட்டில் மாடுகளுக்குக் கோமாரி இருப்பதால், ஜப்பான் விமான நிலையத்தில் கால்நடைத் தடுப்புச் சோதனை கடுமையாக இருக்கும். தொழுவத்துக்குப் போட்டுப்போன செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மண் ஒட்டாத புதுக் காலணி நல்லது. இறைச்சிப் பண்டம், பழம், கறிவேப்பிலை, விதை எதுவும் கொண்டுபோகக் கூடாது. மீறினால் அபராதமும் சிறையும்கூட உண்டு.

திரும்பும்போதும் அப்படித்தான். 'ஒரு பிடி விதை' என்று மடியில் முடிந்து வரக் கூடாது. இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவருவதை நம் நாட்டின் 2003-ம் ஆண்டு தாவரத் தடுப்பு ஆணை தடுக்கிறது. பதிவு செய்த ரகங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்க ஜப்பானும் 2021 ஏப்ரல் முதல் சட்டத்தை இறுக்கியிருக்கிறது. அந்த விதையோடு வரும் ஒரு பூச்சியோ பூசணமோ நல்லூர் வயல் முழுவதையும் கெடுத்துவிடும்.

வழக்கமாக எழும் கேள்விகள்

*சுற்றுலா விசாவில் மகனை அனுப்பி அங்கேயே பண்ணை வேலையில் சேர்க்கலாம் என்று ஏஜென்ட் சொல்கிறாரே?*
கூடாது. சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். விவசாய வேலைக்குத் தனி விசா உண்டு. அதற்கு ஜப்பானிய மொழித் தேர்விலும் தொழில் திறன் தேர்விலும் தேற வேண்டும். சுற்றிப் பார்க்கிறவருக்கு நாலு வார்த்தை போதும், வேலைக்குப் போகிறவருக்கு மொழி கட்டாயம். தேர்வே இல்லாமல் வேலை என்று முன்பணம் கேட்டால் அங்கேயே விலகிக்கொள்ளுங்கள்.

*கடன் வாங்கிப் போகலாமா?*
வேண்டாம். நகையை அடகு வைத்துப் பார்க்க வேண்டிய ஊர் எதுவும் இல்லை. அரசுக் குழுவில் இடம் கேட்டு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் ஆடுதுறையிலும் செலவில்லாமல் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

*இப்போதே செய்ய வேண்டியது என்ன?*
பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். போலீஸ் விசாரணைக்கு நாள் ஆகலாம். ஆதாரிலும் மற்றச் சான்றுகளிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலருக்குத் தடை வருவது இங்கேதான். அரசுப் பயணத்துக்கான தேர்வு விவரத்தை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.