பி.பி.க்கு பென்ஷன்: ராணுவ டிஸபிலிட்டி சர்ச்சை பற்றி ஒரு குறிப்பு

இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெறுகிற ஆஃபிஸர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு 36 முதல் 40 பேர் டிஸபிலிட்டி பென்ஷனோடு வெளியே வருகிறார்கள். ஜே.சி.ஓ., ஹவில்தார், சிப்பாய் என்று மற்ற ரேங்க்குகளைச் சேர்த்துப் பார்த்தால் 15 முதல் 18 பேர்தான். 2015-16 முதல் 2019-20 வரை எடுத்துக்கொண்டு சி.ஏ.ஜி. தணிக்கை செய்து, 2023-ல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிற கணக்கு இது.

இதைப் படித்ததும் எல்லோருக்கும் தோன்றுகிற கேள்விதான் எனக்கும் தோன்றியது. எல்லையில் குண்டடி படுவது பெரும்பாலும் சிப்பாய்தானே? அப்புறம் எப்படி ஆஃபிஸர்களுக்கு இரண்டு மடங்கு ஊனம்? "ஏமாத்துறாங்க, வேற என்ன" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஏமாற்று இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது, அது மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது.

முதலில் ஒரு சொல் தகராறு. தமிழில் "ஊனமுற்றோர் ஓய்வூதியம்" என்று எழுதினால் கால் இழந்தவர், கண் போனவர் நினைவுக்கு வருவார்கள். ராணுவ விதியில் டிஸபிலிட்டி என்றால் அது மட்டும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, முதுகுத்தண்டு தேய்மானம், காது மந்தம், மனநோய் எல்லாமே அதில் வரும். இரண்டு நிபந்தனைகள்தான். நோய் ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் மோசமாகியிருக்க வேண்டும். அதன் அளவு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இரண்டையும் முடிவு செய்வது ஓய்வுக்கு முன்னால் கூடுகிற மெடிக்கல் போர்டு. அதில் உட்காருபவர்கள் ராணுவ டாக்டர்கள். போர்டு முன்னால் வந்து நிற்பவர் ஒரு மேஜர் ஜெனரலாக இருந்தால், அவரைவிட ரேங்க்கில் குறைந்த டாக்டர்கள்தான் அவருக்கு எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டியிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எவ்வளவு? 100 சதவீத டிஸபிலிட்டிக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். இது வழக்கமான ஓய்வூதியத்துக்கு மேலே கிடைப்பது. (போரில் காயம்பட்டவர்களுக்கு விகிதம் இதைவிட அதிகம், அது தனிக் கணக்கு.) அளவு குறைந்தால் பணமும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் நடுவில் "பிராட் பேண்டிங்" என்று ஒன்று இருக்கிறது. இன்டர்நெட் இல்லைங்க, சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்குவது. 50-க்குக் கீழே எது இருந்தாலும் 50. ஐம்பதிலிருந்து 75 வரை என்றால் 75. அதற்கு மேலே 100. போர்டுக்குப் போர்டு டாக்டரின் கை முன்னே பின்னே போவதால் ஒருவர் நஷ்டப்படக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் ரத்த அழுத்தத்துக்கு போர்டுகள் வழக்கமாக எழுதுகிற 30 சதவீதம், இந்தக் கணக்கில் ஒரே தாவலில் 50 ஆகிவிடுகிறது.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். கடைசிச் சம்பளம் 2,00,000 ரூபாய் வாங்கிய ஒரு கர்னலுக்கு பி.பி. இருக்கிறது. 30 சதவீதம், அது 50 ஆகிறது. மாதம் 30,000 ரூபாய். 40,000 வாங்கிய ஒரு சிப்பாய்க்கும் அதே பி.பி., அதே 50. அவருக்கு 6,000. நோய் ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான். இதற்கு மேலே வரிச் சலுகை. டிஸபிலிட்டி பென்ஷனுக்கு வருமான வரி கிடையாது என்பது 1922-லிருந்து, அதாவது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற சலுகை. டிஸபிலிட்டிக்கான கூடுதல் தொகைக்கு மட்டும் இல்லை, அவருடைய அடிப்படை ஓய்வூதியத்துக்கும் சேர்த்து வரி கிடையாது. சிப்பாயின் ஓய்வூதியம் எப்படியும் வரி வரம்புக்குள் வராது. ஆக இந்தச் சலுகையின் பலன் கிட்டத்தட்ட முழுசாக மேல் ரேங்க்குகளுக்குத்தான் போகிறது. நம்ம கர்னலுக்கு வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாமல் மிச்சம்.

ஏழாவது சம்பளக் கமிஷன் 2015-ல் இதைக் கவனித்தது. மேல்மட்ட ஆஃபிஸர்களில் டிஸபிலிட்டியோடு ஓய்வு பெறுகிறவர்கள் அதிகரிப்பதைப் பார்த்து, சதவீதக் கணக்கை விட்டுவிட்டு நிலையான தொகை கொடுக்கலாம் என்றது. 100 சதவீதத்துக்கு ஆஃபிஸருக்கு 27,000, ஜே.சி.ஓ.வுக்கு 17,000, மற்ற ரேங்க்குகளுக்கு 12,000. மேலே போட்ட கணக்கை இதில் வைத்துப் பாருங்கள். கர்னலுக்கு 13,500. சிப்பாய்க்கு அதே 6,000. சிப்பாய்க்குப் பைசா நஷ்டம் இல்லை, 40,000-க்குக் கீழே வாங்கியவர்களுக்கு லாபம்கூட. ஆனால் எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. "சிவிலியன் அரசு ஊழியருக்குச் சதவீதக் கணக்கு, எங்களுக்கு மட்டும் நிலைத்தொகையா?" என்ற வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2017 மே மாதம் மத்திய அமைச்சரவை பழைய சதவீத முறையே தொடரட்டும் என்று முடிவு செய்தது. என் கணிப்பில், இந்த விவகாரத்தில் அரசு தவறவிட்ட நல்ல வாய்ப்பு அதுதான். இரு தரப்புக்கும் ஒரே மாதிரி நிலைத்தொகை என்று வைத்திருக்கலாம்.

சரி, ஆஃபிஸர்களுக்கு ஏன் இரண்டு மடங்கு? முதல் காரணம் வயசு. ஒரு சிப்பாய் 15, 17 வருட சேவையில் வெளியே வந்துவிடுகிறார், அப்போது அவருக்கு நாற்பதைக்கூடத் தொட்டிருக்காது. கர்னல் ஓய்வு பெறுவது 54-ல், பிரிகேடியர் 56-ல், லெப்டினன்ட் ஜெனரல் 60-ல். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. இது இருபது வயசுப் பசங்களையும் சேர்த்த சராசரி. ஐம்பத்தைந்து வயசு ஆட்களை மட்டும் பிரித்தால் இன்னும் கூடும். அப்படிப் பார்த்தால் ஆஃபிஸர்களில் 40 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு நோய் என்பது ஆச்சரியமே இல்லை. அந்த நோயை ராணுவம்தான் கொடுத்தது என்று எழுதுவதுதான் கேள்விக்குரியது. அதே வயசு ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் பி.பி. இருக்கும், அவருக்கு அதற்காக யாரும் பென்ஷன் தருவதில்லை.

இரண்டாவது காரணத்தைப் பலரும் பேசுவதில்லை. ராணுவத்தில் நோயைக் காட்டிக்கொண்டால் மெடிக்கல் கேட்டகரி இறங்கும். கேட்டகரி இறங்கினால் பிரமோஷன், நல்ல போஸ்டிங், வெளிநாட்டுப் பணி எல்லாவற்றிலும் அடி விழலாம். அதனால் மேலே ஏற வாய்ப்பு இருக்கிற வரைக்கும் நோயை மறைக்க ஒரு தூண்டுதல். இனி ஏறப்போவதில்லை என்று தெரிந்ததும் அதே நோயைக் காட்ட ஒரு தூண்டுதல். கடைசி இரண்டு வருடத்தில் வரிசையாக முதுகு வலியும் காது மந்தமும் பதிவாவதைப் பார்க்கிற தணிக்கையாளருக்கு அது மோசடியாகத் தெரியும். அதில் ஒரு பகுதி நிஜமாகவே பத்து வருடம் மறைத்து வைத்த வலி. இன்னொரு பகுதி சும்மா. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முதுகு வலியை எந்த எக்ஸ்ரேயை வைத்து அளப்பது?

மூன்றாவது, சட்டம். சேரும்போது உடல்தகுதிப் பரிசோதனையில் எந்த நோயும் பதிவாகவில்லை என்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு, சந்தேகத்தின் பலன் வீரருக்கு. இது 1982 விதிகளிலேயே இருந்தது, உச்ச நீதிமன்றம் 2013-ல் ஒரு சிப்பாயின் வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. நோயோடு பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று அரசு வைத்திருந்த பிராட் பேண்டிங்கை, வயசு முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று 2014 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து கதவை அகலத் திறந்தன.

ஆனால் அந்தக் கதவு யாருக்காகத் திறக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2013 வழக்கு வலிப்பு நோய் வந்து, ஒன்பது வருட சேவையில் வெளியே அனுப்பப்பட்ட ஒரு ஆளுடையது. பென்ஷனுக்குத் தேவையான 15 வருடமும் ஆகவில்லை. அவர் மாதிரியானவர்களுக்கு போர்டு வழக்கமாக எழுதுகிற வரி ஒன்று உண்டு: நோய் உடல்வாகைச் சேர்ந்தது, ராணுவப் பணிக்குச் சம்பந்தம் இல்லை. காரணமே சொல்லாமல் இந்த ஒரு வரி. மனச்சிதைவு வந்தவருக்கும் இதே வரிதான். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சிவிலியன் அரசு ஊழியருக்குப் பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது, மாற்றுத்திறனாளிகள் சட்டம் காப்பாற்றும். போர்ப்படை வீரர்களுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பிலிருந்து அரசு விலக்கு வாங்கியிருக்கிறது. வேலைக்கான பாதுகாப்பு இல்லாத இடத்தில்தான் இந்த பென்ஷன் நிற்கிறது.

இப்படி ஒரு பக்கம் ஜெனரல்கள், இன்னொரு பக்கம் முப்பது வயசில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஜவான்கள். இருவரும் ஒரே விதிக்குள் இருப்பதுதான் சிக்கல். 2019 ஜூன் 24 அன்று வந்த சுற்றறிக்கை, உடல்நிலையால் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் வரிவிலக்கு, காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது என்றது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முப்படைகளின் விளக்கம் என்று ஒரு குறிப்பை ட்விட்டரில் பகிர்ந்தார். வரிவிலக்கும் பிராட் பேண்டிங்கும் கவர்ச்சியாக இருப்பதால் வாழ்க்கைமுறை நோய்களுக்கெல்லாம் டிஸபிலிட்டி வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது அதன் சாரம். ராணுவத் தலைமையே இப்படிச் சொன்னது ஓய்வுபெற்றவர்களைக் கொதிக்க வைத்தது. உச்ச நீதிமன்றம் அந்த வருடமே இருந்த நிலை தொடரட்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

(இது நமக்கு மட்டும் வந்த தகராறு இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களுக்கு, 90 நாள் சேவை செய்து இப்போது உடல் உழைப்புக்கு முடியாமல் இருந்தால் போதும், நோய் போரால் வந்திருக்கவே வேண்டாம் என்று 1890-ல் ஒரு சட்டம் வந்தது. சில வருடங்களில் பென்ஷன் செலவு மத்திய அரசுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தொட்டது.)

2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள். டிஸபிலிட்டி என்ற சொல்லை எடுத்துவிட்டு, சேவையில் தொடர்ந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு "இம்பேர்மென்ட் ரிலீஃப்" என்று பெயர் மாற்றினார்கள். பெயர் ஏன் முக்கியம்? வரிவிலக்கும் பிராட் பேண்டிங்கும் பழைய பெயரோடு ஒட்டியிருந்தவை. பி.பி., சர்க்கரை மாதிரியான நோய்களுக்கு மதிப்பிடும் முறையும் இறுகியது. இதில் எனக்கு இருக்கிற தயக்கம் ஒன்றுதான். கயிற்றை இறுக்கும்போது முதலில் மாட்டுபவர் ஜெனரல் அல்ல. அவருக்கு ஆஸ்பத்திரி ரெக்கார்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியும், வக்கீல் வைக்க முடியும். சியாச்சினில் பனியில் நின்றுவிட்டு வந்து, பீஸ் ஸ்டேஷனில் இருக்கும்போது முதன்முதலாக பி.பி. கண்டுபிடிக்கப்பட்ட ஹவில்தாருக்கு "பீஸ் ஸ்டேஷன்லதானே வந்துச்சு" என்று எழுதிவிடுவது ரொம்ப எளிது.

பாதுகாப்பு அமைச்சகம் அமைத்த நிபுணர் குழுவே 2015-ல், டிஸபிலிட்டி வழக்குகளில் வீரர்களுக்கு எதிராக அரசு ஒவ்வொன்றாக மேல்முறையீடு போவதை நிறுத்தச் சொன்னது. அதற்குப் பிறகும் தீர்ப்பாயத்தில் ஜெயித்தவர்களை அரசு மேல்கோர்ட்டுக்கு இழுப்பது நின்றபாடில்லை. உங்கள் வீட்டிலோ ஊரிலோ பென்ஷன் மறுக்கப்பட்ட முன்னாள் ராணுவத்தினர் யாராவது இருந்தால், முதலில் ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகலை வாங்கச் சொல்லுங்கள். சம்பந்தம் இல்லை என்று எழுதியிருக்கிற இடத்தில் காரணம் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் வழக்கு இருக்கும். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, மறுப்புக் கடிதத்தை முழுசாகப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2009-லிருந்து இயங்குகிறது, சென்னையிலும் ஒரு கிளை இருக்கிறது, டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.