எல்லாப் பள்ளியிலும் நூற்றுக்கு நூறு! எதில் சேர்ப்பது மகளை?

மே மாதம் பிறந்துவிட்டால் இடுக்கி மாவட்டத்து உயர்நிலைப் பள்ளிகளின் வாசலில் பலகை ஏறிவிடும். "எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். சாமான் வாங்க மூணாறு கடைவீதிக்கு வந்த தோட்டத் தொழிலாளி அதை அண்ணாந்து பார்ப்பார். ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகள் வீட்டில் இருக்கிறாள். அடுத்த பள்ளிக்குப் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே நூறு!

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். அரசுப் பள்ளிகள் சிலவற்றிலும், அரசு உதவி பெறும் பள்ளிகள் சிலவற்றிலும் தமிழ்வழி வகுப்புகள் உண்டு. தாயும் தந்தையும் விடிந்ததும் பெரட்டுக்குப் போகிறவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளையின் படிப்பைத் தவிர வேறு சொத்து இல்லாத குடும்பங்கள் அநேகம். அதனால்தான் "எந்தப் பள்ளி நல்ல பள்ளி?" என்ற கேள்வி லயங்களில் இத்தனை கவலையோடு கேட்கப்படுகிறது.

பலகை சொல்லாத கணக்கு

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 2023-ல் 99.70 சதவீதம், 2024-ல் 99.69 சதவீதம். மாநிலமே நூறைத் தொட்டு நிற்கும்போது ஒரு பள்ளி நூறு வாங்கியதில் என்ன அதிசயம்? ஒரு பள்ளியில் 12 பேர் எழுதி 12 பேரும் தேறினால் நூறு. இன்னொரு பள்ளியில் 180 பேர் எழுதி ஒரே ஒரு பையன் தவறினால் 99.44. இதை வைத்து முதல் பள்ளிதான் உயர்ந்தது என்று சொல்ல முடியுமா?

2005-ல் கிரேடு முறை வந்தது. நூற்றுக்கு 30 எடுத்து "டி பிளஸ்" வாங்கினால் மேற்படிப்புக்குத் தகுதி. அந்த நூறிலும் 20 மதிப்பெண் பள்ளியே போடுவது. அது முழுசாகக் கிடைத்துவிட்டால், 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் பத்து எடுத்தாலே பிள்ளை கரையேறிவிடும்.

இந்தச் சலுகைக்கு முற்றுப்புள்ளி வைக்க 2024 ஆகஸ்டில் கேரள அரசு முடிவு செய்தது. எழுத்துத் தேர்விலேயே ஒவ்வொரு பாடத்திலும் 30 சதவீதம் எடுக்க வேண்டும். 2024-25-ல் எட்டாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுபோவது என்பது திட்டம். இனிமேல் கணக்கும் அறிவியலும் உண்மையாகவே தெரிந்தாக வேண்டும்.

வகுப்பறையில் திரையும் புரொஜெக்டரும் இருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டியதில்லை. மாநிலம் முழுவதும் 45,000 வகுப்பறைகளுக்கு அவை வந்துவிட்டன. பக்கத்துப் பள்ளியிலும் இருக்கும்.

கேட்க வேண்டியது எது?

முதலில் கேட்க வேண்டியது ஆசிரியரைப் பற்றி. தமிழ்வழி வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் நடத்துகிறவர் நிரந்தர ஆசிரியரா, தினக்கூலிக்கு வருகிறவரா? அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியுமா? போன ஆண்டு அந்த இடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது? இதைத் தலைமையாசிரியரிடமே கேட்கலாம். கூச்சமாக இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் போதும், ஒளிக்காமல் சொல்லிவிடும்.

அடுத்தது மொழி. தமிழ்வழியில் முதல் மொழியின் இரண்டு தாள்களையும் தமிழிலேயே எழுதலாம். மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாமலே பத்தாம் வகுப்பை முடித்துவிடலாம். பிறகு பிளஸ் ஒன் போனால் பாடமெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம். வெளியே அலுவலகத்தில் மலையாளம். இங்கேதான் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அதற்குப் பயந்து ஆங்கிலவழியில் போட்டால், பாட்டி கையெழுத்தைப் படிக்கத் தெரியாத பேத்தி வளர்கிறாள். தமிழ்வழியில் வைத்துக்கொண்டே ஆங்கிலத்தையும் மலையாளத்தையும் அக்கறையாகச் சொல்லிக் கொடுக்கிற பள்ளி கிடைத்தால், அதன் கட்டடம் பழசானாலும் பரவாயில்லை.

அதே வளாகத்தில் பிளஸ் டூ இருக்கிறதா என்பதும் முக்கியம். சொந்தப் பள்ளியிலேயே பிளஸ் ஒன் கேட்கிற மாணவருக்குச் சேர்க்கையில் கூடுதல் புள்ளி தரும் முறை உண்டு.

பிறகு வழி. வரைபடத்தில் எட்டு கிலோமீட்டர் என்று இருக்கும். மலைப்பாதையில், ஜூன் ஜூலை மழையில், கடைசி பஸ் தவறினால் ஜீப்புக்குத்தான் காத்திருக்க வேண்டும். சின்னக்கானல் பக்கத்தில் காட்டு யானைப் பயம் வேறு. நல்ல பள்ளியாக இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் போக முடியாவிட்டால் கணக்குப் பாடம் விட்டுப்போகும்.

இதற்கெல்லாம் சலித்து, போடிக்கும் கம்பத்துக்கும் உடுமலைக்கும் பிள்ளைகளை அனுப்பி விடுதியில் சேர்க்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பலன் மலைமேலே தெரியும்.

பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் கேரளப் பள்ளிகளில் தலை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கைப்படிதான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்பது முடிவாகும். நான்கைந்து பிள்ளைகள் குறைந்தால் தமிழ்வழி டிவிஷன் ஒன்று போகலாம். அதோடு ஆசிரியர் இடமும் போகும். மிஞ்சியிருக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்த ஆள் தேடித் திரிய வேண்டியதுதான். ஆகையால் பள்ளி மாற்ற நினைக்கிற பெற்றோர், உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்க நினைக்கிற பெற்றோர், இருவருமே மே மாதத்திலேயே தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. ஆறாம் நாள் கழித்துப் போனால் அந்த ஆண்டுக் கணக்கு முடிந்திருக்கும்.