நம் கடைச் சுவர்களில் வாழ்ந்த ஓவியர்

மார்கழி பிறந்துவிட்டால் சரக்கு கேட்கும் குரல்களுக்கு நடுவே இன்னொரு குரலும் நம் கடைகளில் கேட்கத் தொடங்கிவிடும். "அண்ணே, புது காலண்டர் வந்துடுச்சா?" பத்து ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறவர் இரண்டு கேட்பார். மாதம் தவறாமல் மளிகை எடுக்கும் வாடிக்கையாளரோ கேட்கக் கூச்சப்பட்டு வெறுங்கையோடு போவார். இந்தத் தர்மசங்கடத்தை அனுபவிக்காத வியாபாரி நம்மில் இருக்க முடியாது.

ஆனால் அந்தக் காலண்டரில் உள்ள சாமி படத்தை வரைந்தவர் யார் என்று நாம் கேட்டதுண்டா? திண்டிவனம்–புதுச்சேரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் உள்ள இரும்பையில், ஒரு மளிகைக் கடைக்குப் போயிருந்தபோதுதான் நமக்கே அந்தக் கேள்வி வந்தது. கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய ஒரு கஜலட்சுமி. யானைகள் இருபுறமும் நீர் வார்க்க, நம்மை நேருக்கு நேர் பார்க்கும் முகம். ஓரத்தில் சிறிய எழுத்தில் சி. கொண்டைய ராஜு என்று பெயர்.

கொண்டைய ராஜு 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். அந்தப் படிப்புக்குச் சர்க்கார் உத்தியோகம் தேடியிருக்கலாம். அவர் மனம் துறவில் போயிற்று. நம் திண்டிவனத்தில் பஸ் ஏறினால் செஞ்சி வழியாகப் போய்ச் சேரும் திருவண்ணாமலையில், ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு அங்கிருந்து வெளியேறி, ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். அரண்மனை, காடு, தர்பார் மண்டபம் எல்லாம் அவர் தூரிகையில் வந்தன. 1940-களில் கோவில்பட்டியில் தங்கியவர் அங்கேயே நிலைத்துவிட்டார்.

கோவில்பட்டிக்குச் சிவகாசி பக்கம். தீப்பெட்டித் தொழிலோடு வளர்ந்த சிவகாசி அச்சகங்கள், லேபிளோடு நிற்காமல் காலண்டருக்கும் வந்திருந்த காலம் அது. அச்சகங்களுக்குச் சாமி படம் தேவை. நாடகத் திரை எழுதிய கைக்குச் சாமியை மேடையில் நிறுத்துவது போல நிறுத்தத் தெரியும். பின்னால் மலை, அருவி, தூண்கள், நடுவே தெய்வம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்துச் சாமி படங்களை வீடுகளுக்குக் கொண்டுபோனார் என்றால், தமிழ்நாட்டுக் கூரை வீடு வரைக்கும் கொண்டுபோனதில் கோவில்பட்டிக்காரர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

கோவில்பட்டிக்காரர்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொண்டைய ராஜு திருமணம் செய்துகொள்ளவில்லை. சீடர்களே அவருக்குக் குடும்பம். டி.எஸ். சுப்பையாவுடன் தேவி ஆர்ட் ஸ்டுடியோ நடந்தது. அருணாசலம், ராமலிங்கம், செண்பகராமன் என்று அவரிடம் தொழில் பழகியவர்கள் தனித்தனியே பெயரெடுத்தார்கள். பல படங்களில் குருவின் பெயரோடு சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. போர்டில் பங்காளி பெயரைப் போடுவதற்கே எத்தனை பஞ்சாயத்து நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். இங்கே கற்றுக் கொடுத்தவர், தம் படத்திலேயே மாணவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார். ஒரு ஊரையே காலண்டர் ஓவியர்களின் ஊராக்கியது அந்த மனசுதான். 1976-ல் அவர் காலமான பின்னும் சீடர்கள் கையால் அந்த முகங்கள் வந்துகொண்டிருந்தன.

நம் பங்கும் இதில் இல்லாமல் இல்லை. ஆடி மாதம் ஆல்பத்தோடு வரும் ஏஜெண்டிடம் "லட்சுமி இருநூறு, முருகன் நூறு" என்று ஆர்டர் கொடுத்தவர்கள் நாம். படத்துக்குக் கீழே கடைப் பெயரைப் போட்டு வீட்டு வாசலுக்கு அனுப்பியவர்களும் நாம். அவர் படங்களுக்குக் கண்காட்சி மண்டபம் என்று ஒன்று இருந்ததென்றால் அது நம் கடைச் சுவர்தான்.

அதனால்தான் ஒரு விஷயம் உறுத்துகிறது. தேதித் தாள் தீர்ந்ததும் காலண்டர் பரணுக்குப் போகிறது. போகிக்கு நெருப்புக்குப் போகிறது. எரிந்துபோனவற்றில் எத்தனை கொண்டைய ராஜு போயிற்றோ! இந்த வருஷம் பரண் ஒழிக்கும்போது பழைய படங்களின் ஓரத்தை ஒரு தடவை பார்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெயர் இருந்தால் தனியே எடுத்து, சுருட்டாமல், ஈரம் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள்.

இரும்பைக் கடைக்காரரிடம் அந்தக் கஜலட்சுமி எந்தக் கடை காலண்டர் என்று கேட்டோம். "அப்பா காலத்துல மாட்டினதுங்க. வெள்ளையடிக்கறப்போ எறக்கித் துடைச்சு மறுபடியும் மாட்டிடுவேன்" என்றார். படத்தை இறக்கிக் காட்டவும் செய்தார். பெயர் அச்சடித்திருக்க வேண்டிய கீழ்ப்பகுதியைச் சட்டம் போட்டவர் அன்றைக்கே வெட்டிவிட்டிருந்தார். கொடுத்த கடையின் பெயர் போய்விட்டது. வரைந்தவர் பெயர் இருந்தது.