ரிப்போர்ட்டில் 14, உடம்பில் 1



சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காட்டு இறால் மலிவாகக் கிடைத்ததென்று அப்பா அரை கிலோ வாங்கி வந்தார். சாப்பிட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தங்கச்சிக்கு உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். "காணாக்கடிடா, ஒண்ணுமில்ல" என்று ஆயா வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்து, கம்பளியால் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. திருப்பாச்சூரிலிருந்து ஆட்டோவில் திருவள்ளூருக்கு ஓடினோம். தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். அதன் பெயர் அட்ரினலின் என்பது பிறகுதான் தெரிந்தது.

யாரோ சொன்னார்களென்று அடுத்த வாரம் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். கும்மிடிப்பூண்டியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அப்பாவுக்கு அது பத்து நாள் கூலி. ரிப்போர்ட்டில் 14 பொருளுக்கு எதிரே 'பாசிட்டிவ்'. பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, கத்தரிக்காய் என்று எல்லாவற்றையும் நிறுத்தினோம். பள்ளிக்கூடத்தில் போடும் சத்துணவு முட்டையைத் தினமும் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வருவாள். நாலு மாதத்தில் துரும்பாகிவிட்டாள்.

பிறகு சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் ரிப்போர்ட்டைத் தொடவேயில்லை.

"இதுக்கு முன்னாடி முட்டை சாப்பிட்டிருக்கியாம்மா?"

"தினமும் சாப்பிடுவேன் சார்."

"ஏதாவது பண்ணுச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏம்மா நிறுத்தினீங்க?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா பதில் சொல்லத் தெரியாமல் ரிப்போர்ட்டையே நீட்டினார்.

அந்த ரிப்போர்ட் அளந்தது ஐ.ஜி.இ. என்ற புரதத்தை. 1966ல் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்தது. ஒரு குறிப்பிட்ட உணவுக்கு எதிராக உடம்பு இதைத் தயாரித்து வைத்திருக்கலாம். ஆனாலும் அந்த உணவைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாமல் போகலாம். நம்ம எலக்ட்ரிக்கல் பசங்களுக்கு இது சுலபமாகப் புரியும். தொங்கும் ஒயரில் வைத்தாலும் நியான் டெஸ்டர் லேசாக மினுக்கும். டெஸ்ட் லேம்ப் போட்டால் எரியாது. டெஸ்டரை மட்டும் நம்பி லைனில் கரண்ட் இருக்கு என்று எழுதினால் லேபில் நமக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும்!

கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016ல் வெளியான ஆய்வில், ஏதாவது ஓர் உணவுக்கு ஐ.ஜி.இ. இருந்தவர்கள் 26.5 சதவீதம். உணவு அலர்ஜி இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டவர்களோ 1.2 சதவீதம்தான். ஒரு காரணம், ஒன்றைப் போலவே இன்னொன்று இருப்பது. இறாலில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்தின் சாயல் கரப்பான்பூச்சியிலும் தூசிப் பூச்சியிலும் இருக்கிறது. வீட்டுத் தூசி ஒத்துக்கொள்ளாதவருக்கு இறாலும் பாசிட்டிவ் காட்டிவிடலாம்.

ஆகவே டாக்டர் முதலில் கேட்பது கதையைத்தான்: என்ன சாப்பிட்டாய், எத்தனை நிமிஷத்தில் வந்தது, மறுபடி சாப்பிட்டபோதும் வந்ததா? அடுத்தது முன்கையில் சொட்டு விட்டு லேசாகக் குத்தும் சோதனை. 15 நிமிஷத்தில் தடிப்பை ஸ்கேலால் அளக்கிறார்கள். 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் பாசிட்டிவ். (அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.) இதிலும் சந்தேகம் தீராவிட்டால், ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு டாக்டர் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைப்பார்கள். அதுதான் டெஸ்ட் லேம்ப். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பல மாதம் நிறுத்திய உணவே திரும்பக் கொடுக்கும்போது சிலருக்கு நிஜமாகவே கோளாறு செய்யும்.

தங்கச்சி அங்கே உட்கார்ந்து முழு முட்டை சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு நாள் வேர்க்கடலை. கடைசியில் மிஞ்சியது இறால் ஒன்றுதான். கூடவே நண்டும் வேண்டாம் என்றார்கள்; ஒரே இனம்.

இறால் வறுத்த எண்ணெயில் அவளுக்கு எதையும் பொரிப்பதில்லை. பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் பார்க்கிறோம். இறால் வகை, முட்டை, பால், மீன், கடலை, சோயா முதலியவை இருந்தால் அச்சிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு லேபிள் விதி. எழுத்து எறும்பு சைஸில் இருக்கும், அது வேறு விஷயம். மூச்சு இழுத்தால் வெற்றிலை, மாத்திரை என்று நேரத்தைக் கடத்தாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். மூச்சுக்கு எது வசதியோ அப்படிப் படுக்கவோ உட்காரவோ வைக்கலாம், எழுந்து நடக்க விடக்கூடாது. தொடையில் அட்ரினலின்தான் முதல் மருந்து. இதை எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

சத்துணவு முட்டையை இப்போது அவளே சாப்பிடுகிறாள். ஆயா மட்டும், கத்தரிக்காய் கரப்பான் பண்டம் என்று இன்னமும் அவள் தட்டில் போடமாட்டேன் என்கிறார்.