வானத்தில் ஒரு வேலை – 9: சின்ன விமானத்தில் சேரலாமா?

“மகள் பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். சின்ன விமானத்தில் வேலை வந்தால் சேரலாமா, ஏர்பஸ் கிடைக்கும்வரை காத்திருக்கலாமா?” என்று வண்டியூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி அதிகம் எழாது. அங்கே பிராந்திய விமானக் கம்பெனிதான் பலருக்கும் முதல் படி. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே, அப்படிப்பட்ட ஒரு கம்பெனியான கோல்கன் ஏரின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சட்டம் இறுகி, 2013 முதல் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றானது. (விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே அதற்கு மேல் பறந்தவர்கள் என்பது வேறு கதை.) நம் நாட்டில் 200 மணி நேரத்தில் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கி, டைப் ரேட்டிங்கும் (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) முடித்தால் நேராக ஏர்பஸ்ஸில் துணை விமானியின் வலது இருக்கைக்கே போகலாம். கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்குத்தான் இங்கே 1,500 கேட்கிறார்கள்.

அப்படியானால் சின்ன விமானம் எதற்கு? சென்னை–மதுரை வழியில் இண்டிகோ விட்ட ஏடிஆர் 72-ஐப் பாருங்கள். ப்ரொப்பெல்லர் விமானம், 25,000 அடிக்கு மேல் ஏறாது. ஜெட் தாண்டிப் போகும் மேகத்துக்குள் இது புகுந்தோ, சுற்றியோ போக வேண்டும். ஆட்டோ த்ராட்டில் கிடையாது; இன்ஜின் வேகத்தைக் கையால்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். பயண தூரம் குறைவு என்பதால் ஒரே நாளில் பலமுறை ஏற்றி இறக்க வேண்டிவரும். லண்டனுக்குப் போய்வரும் துணை விமானிக்கு அத்தனை லேண்டிங் வாய்க்காது. கை பழக இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன்.

பயப்பட வேண்டியது கம்பெனியின் ஆயுளைப் பற்றித்தான். ‘சூரரைப் போற்று’ படத்தின் சோழவந்தான்காரரைத் தெரிந்த நமக்கு, நிஜமாகவே விமானக் கம்பெனி நடத்திய மதுரைக்காரரை நினைவில்லை. பஞ்சாலைத் தொழிலிலிருந்து வந்த எம். தியாகராஜன், 2005 அக்டோபரில் பாரமவுண்ட் ஏர்வேஸைத் தொடங்கினார். எம்ப்ரேயர் ஜெட்டை அவர் தேர்ந்தெடுத்ததில் நல்ல கணக்கு இருந்தது. அப்போது 40 டன்னுக்குக் குறைந்த விமானத்துக்கு எரிபொருள் விற்பனை வரி 4 சதவீதம்தான்; 80 இருக்கைக்குக் கீழே என்றால் தரையிறங்கும் கட்டணமும் இல்லை. இருந்தும் விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களோடு தகராறு முற்றி, 2010-இல் கம்பெனி நின்றது. அந்த விமானிகள் பறந்த மணி நேரக் கணக்கு அவர்களிடமே இருந்தது. எம்ப்ரேயர் டைப் ரேட்டிங்கோ அன்றைக்கு உள்நாட்டில் செல்லாக் காசு; புது ரகத்துக்குப் புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது.

ஏடிஆரும் ஏர்பஸ்ஸும் ஒரே கம்பெனியில் இருந்தால் உள்ளேயே மாற வாய்ப்புண்டு. ஏடிஆரையே நம்பியிருக்கும் அலையன்ஸ் ஏர், ஃப்ளை91 போன்றவற்றில் ஜெட் வேண்டுமென்றால் வெளியேற வேண்டும். 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்ககம் வகுத்த விதிப்படி துணை விமானி 6 மாதம், கேப்டன் ஓராண்டு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வண்டியூர் நண்பரே, மகளைக் காத்திருக்க வைக்காதீர்கள், சேரச் சொல்லுங்கள். ஆனால் குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாகக் கம்பெனிக்குத் தரும் பாண்டில் கையெழுத்துப் போடும் முன் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், கம்பெனியே மூடிவிட்டால் அந்தப் பணம் என்னாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.