தேரோடு நடக்கும் இசை

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முந்தின நாள் தேர். மூலவரான நடராசரே சபையை விட்டு இறங்கித் தெருவுக்கு வருவார். பிள்ளையார், முருகன், சிவகாமி, சண்டிகேசுவரர் தேர்களும் சேர்ந்தால் ஐந்து தேர். கடலூர், பரங்கிப்பேட்டை, புவனகிரி என்று சுற்று வட்டாரமெல்லாம் வந்து வடம் பிடிக்கும். கூட்டத்துக்கு முன்னால் நாகசுரமும் தவிலும் நடக்கின்றன. அங்கே ஒலிக்கும் மல்லாரியை நாம் இன்னும் கவனித்துக் கேட்கவேண்டும்.

மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கென்றே அமைந்த உருப்படி. சாகித்தியம் கிடையாது. ராகம் கம்பீர நாட்டை: ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். ரிஷபமும் தைவதமும் இல்லாததால் ச–க, ப–நி இடைவெளிகள் பெரிய தாவலாக இருக்கும். திறந்த வெளியில், ஆயிரம் பேர் சத்தத்துக்கு நடுவே, அந்தத் தாவல்கள் தெளிவாகக் காதில் விழும். திருமஞ்சனத் தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியத்துக்குத் தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கோயிலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

இதன் உள்கட்டு அழகானது. தாளம் போடுகிறவர் கை வேகம் மாறாது. மெட்டுதான் நீளும், குறுகும். ஒரு மல்லாரி நடுக்காலத்தில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்காலத்தில் அதே மெட்டு இரண்டு ஆவர்த்தனம் ஓடும். மேல்காலத்தில் அரை ஆவர்த்தனத்திலேயே தீர்ந்துவிடும். இருமுறை வாசித்தால்தான் சமத்துக்கு, அதாவது ஆவர்த்தனத்தின் தொடக்கத்துக்கு, வந்து சேரலாம். அடுத்தது திஸ்ரம். மெட்டை மூன்று தடவை வாசித்து இரண்டு ஆவர்த்தனத்துக்குள் அடைக்க வேண்டும். இத்தனை கணக்கையும் நடந்துகொண்டே, தேர் நின்றால் நின்று, நகர்ந்தால் நகர்ந்து போடுகிறார்கள். மல்லாரிக்கு முன்னால் தவிலில் அலாரிப்பு. மல்லாரி முடிந்தால் ராக ஆலாபனை, பல்லவி, ரக்தி என்று இசை வீதிக்கு வீதி உருமாறிக்கொண்டே போகும்.

இப்படி நீண்டு உருமாறும் இசையை மேற்கிலும் தேடினார்கள். 1971இல் பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு ‘மெடில்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டபோது, அதன் ஒரு பக்கம் முழுவதையும் ‘எக்கோஸ்’ என்ற ஒரே பாட்டு எடுத்துக்கொண்டது. 23 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு அது. சைக்கடெலிக் ராக் கலைஞர்கள் மூன்று நிமிடப் பாட்டின் எல்லையை உடைத்து, நீண்டு வளர்ந்து நிறம் மாறும் இசையைத் தேடிய காலம். எல்.பி. தட்டு அதற்கு இடம் கொடுத்தது. நம் மேளக்காரர்களுக்கு நடந்தது தலைகீழ். தோடி ராகத்தை நாகசுரத்தில் மணிக்கணக்கில் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். இரவெல்லாம் வளர வேண்டிய கலைக்கு அந்த அளவு போதவே போதாது.

ராஜரத்தினம் பிள்ளை கருவியையும் மாற்றினார். முன்பு வழங்கிய திமிரி நாகசுரம் குட்டையானது, சுருதி கூடியது. அதில் சுத்த மத்திமம் எளிதில் நேராகப் பேசாது. கம்பீர நாட்டைக்கும் தோடிக்கும் அந்தச் சுரம்தான் வேண்டும். நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய நீளமான பாரி நாகசுரத்தில் அது சுத்தமாக விழுந்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் இந்தக் கருவிக்கு விரல் துளை ஏழு. கீழே உள்ள மற்றத் துளைகள் சுருதியைச் சரிசெய்ய. அவற்றை விரல் தொடாது. ஊதுவது நாணலில் செய்த சீவாளி வழியாக. துளையைப் பாதி மூடுவதிலும் சீவாளி மேல் உதடு கொடுக்கும் அழுத்தத்திலும்தான் கமகம் பிறக்கிறது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு கருவிக்குக் கிடைத்துவிட்டது. வாசிப்பவருக்கு வேண்டியது நேரமும் காதும். கல்யாண மண்டபங்களில் கெட்டிமேளத்துக்கு மட்டும் கை காட்டிவிட்டு மற்ற நேரம் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போடுவது இந்தக் கலைக்குச் செய்யும் அநியாயம். அடுத்த தேருக்குச் சிதம்பரம் போகிறவர்கள் ஒரு வீதியாவது மேளத்தோடு நடங்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டு, மெட்டு எங்கே இரட்டிக்கிறது, எங்கே மூன்றாகிறது என்று கேளுங்கள்.