உங்களுக்குத் தெரியுமா? பேட்டரி வயரைக் கழற்றினால் கோளாறு போகாது

ஏர் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றிய பிறகு இன்ஜின் விளக்கு எரிந்தால், புது ஃபில்டர் மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். காற்றளவு சென்சாரைத் தாண்டியுள்ள குழாய் சரியாகப் பொருந்தாவிட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைக் கண்டு கணினி எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போய், வரம்பு மீறியதும் பி0171 என்ற கோளாறுக் குறியீட்டைப் பதிந்துவிடும். ஆகவே கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்ததே என்பார்கள். அழிந்தது பதிவுதான்; மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய துப்பும் அதோடு போயிற்று. பல கோளாறுகள் அடுத்தடுத்த 2 ஓட்டங்களில் உறுதியான பிறகே விளக்கை எரியவைக்கும் என்பதால், இடைப்பட்ட நிம்மதி பொய். உண்மையிலேயே சரிசெய்திருந்தால், பெரும்பாலும் பழுதில்லாத 3 ஓட்டங்களில் விளக்கு தானே அணையும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காத்திருக்காமல் வண்டியை ஓரங்கட்டுங்கள்.